சத்தம் போதாத கிட்டார்

ஒரு பாட்டு வெளியே வரப் பலர் வேண்டும். எழுதுகிறவர், மெட்டமைக்கிறவர், வாசிக்கிறவர், பதிவு செய்கிறவர், பதிந்ததை ஒன்றாகக் கலக்கிறவர். இவர்கள் எல்லாரும் வேலையை முடித்துக் கைகழுவிய பிறகு, கேட்பவர் காதுக்குப் போகும் முன், அது இன்னொருவர் மேசைக்கு வரும். அவர் அதன் ஒலியைச் சீர்செய்து, மெருகேற்றி, அனுப்பத் தக்கது என்று அனுப்பிவைப்பார். அந்த வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர். இந்தத் தொழிலில் இருந்த ஒருவரைப் பாட்டுக்காரர்கள் 'கடைசி ஆள்' என்று அழைத்தார்கள். பாட்டு நன்றாக வந்தால் முன்னால் சொன்னவர்களுக்குப் பாராட்டு. நாராசமாக வந்தால் கடைசி ஆள் கெடுத்துவிட்டார். இந்தப் பங்கீட்டை அவர் ஒருநாளும் எதிர்த்ததில்லை. எதிர்ப்பு என்பது அவருடைய அறையில் இல்லாத ஒரே கருவி.

இளவயதில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பேச்சாளர் வாயைத் திறந்ததும் ஒலிபெருக்கி ஊளையிடும். அதை அடக்குவது அவர் பொறுப்பு. பேச்சாளரை அடக்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. அங்கிருந்து கேசட் பிரதியெடுக்கும் கம்பெனி, பிறகு ஒரு பதிவுக்கூடம், பிறகு சொந்த அறை. அறை ஒரு சலவைக் கடையின் மாடியில். சுவரெல்லாம் சாம்பல் நிற நுரைப் பலகை. கதவு ஐஸ் கிடங்குக் கதவின் கனம். அதைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் காலர் கழுத்தில் உரசுவது கேட்கும். இத்தனை பாடுபட்டு அமைதியை உண்டாக்கிவிட்டு, அதற்குள் உட்கார்ந்து அவர் செய்த வேலை, உலகத்தில் ஏற்கனவே இருக்கும் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவது.

அது அவருடைய ஆசை அல்ல. அவரிடம் வருகிறவர் எவரும் தன் பாட்டை மட்டும் கொண்டுவருவதில்லை. அடுத்தவன் பாட்டு ஒன்றையும் கூடவே கொண்டுவருவார். "சார், இதைவிடச் சத்தமா இருக்கணும்." அந்த அடுத்தவனும் அதே சோபாவில் உட்கார்ந்து, வேறொருவன் பாட்டைப் போட்டுக் காட்டி, இதையே சொல்லிவிட்டுப் போனவன்தான். ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதைத் தாண்டினால் கரகரக்கும். கூரையை உயர்த்த வழியில்லை. ஆகவே உயர்ந்து நிற்கும் ஒலியைத் தலையில் தட்டிக் குனியவைத்து, தாழ்ந்து கிடக்கும் ஒலியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, எல்லாவற்றையும் கூரையை ஒட்டி நிறுத்த வேண்டும். இந்த அடாவடிக்கு லிமிட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. அதற்குப் பிறகு பாட்டில் ரகசியம் பேசுகிறவனும் கூச்சல் போடுகிறவனும் ஒரே உயரம். கேட்டவர் மகிழ்ந்து போவார். கடைசி ஆள் "செஞ்சிடலாம் சார்" என்பார். அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் அதுதான்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் நேராகக் கேட்டுவிடுவது அவருக்குத் தொழிற்பழக்கம்.

"வர்றவங்களுக்கெல்லாம் தலையாட்டத்தானே போறீங்க. ஒரு தலையாட்டி பொம்மையை வெச்சுட்டு வீட்டுக்கு வந்துடலாமே."

"பொம்மை சத்தத்தைக் கூட்டாதே."

"அதுக்குத்தாங்க சொல்றேன்."

உண்மையில் பொம்மை ஒன்று அங்கே இருக்கத்தான் செய்தது. மேசையின் வலது ஓரத்தில், பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய பெரிய குமிழ் ஒன்றைப் பொருத்தியிருந்தார். மேலே ஒரு சிவப்பு விளக்கு. கீழே ஒட்டிய சீட்டில் 'உயிர்' என்று அச்சடித்திருந்தது. "எல்லாம் சரி சார், கொஞ்சம் உயிர் மட்டும் கம்மி" என்று இழுப்பவரிடம், "நீங்களே ஏத்திக்கோங்க" என்று அதைக் காட்டுவார். குமிழைத் திருகத் திருக விளக்கு பிரகாசமாகும். குமிழுக்கும் விளக்குக்கும் கம்பித் தொடர்பு உண்டு. குமிழுக்கும் பாட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மாற்றம் தெரியவில்லை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அதிகமாகிவிட்டது என்று கொஞ்சம் குறைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இப்படி எவர் மனமும் கோணாமல் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், அவருடைய தங்கை ஒரு கிட்டாரைப் பதிவு செய்துகொண்டு வந்து சேர்ந்தாள்.

தங்கை பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்து, வீங்கிய கன்னங்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். பள்ளி நாளிலிருந்து கிட்டார் வாசிக்கிறாள். மின்சாரம் தொடாத, மரமும் கம்பியும் மட்டுமான கிட்டார். மேடை ஏறியது கொஞ்சம். ஏறிய மேடைகளிலும் எதிரே சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவளுடைய வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துகொண்டு வருகிறது. வாசிப்பதை விட்டுவிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும், விடுமுறை போட்டுவிட்டு, தெரிந்தவர் வீட்டுப் புத்தக அறையில் உட்கார்ந்து, சொந்தமாக அமைத்திருந்ததையெல்லாம் வாசித்துப் பதிந்துவிட்டாள். அதில் முதல் பாட்டு, கட்டைவிரல் கம்பியைத் தடவுகிற அளவே கேட்கிற மாதிரி தொடங்கும். மெல்ல மெல்ல ஏறும். முடிவில் ஆறு கம்பியும் சேர்ந்து அறையை நிறைக்கும். அந்த ஏற்றம்தான் அந்தப் பாட்டு; வேறொன்றும் அதில் இல்லை.

"அந்த ஆரம்பத்தை மட்டும் தொட்டுடாதே அண்ணா," என்றாள். "கேக்கறவங்க கொஞ்சம் முன்னாடி சாஞ்சு கேக்கட்டும். ஆஸ்பத்திரில நாள் முழுக்கக் கத்தறேன். இதுலயாவது மெதுவாப் பேசிக்கறேன்."

"செஞ்சிடலாம்" என்றார் கடைசி ஆள்.

தங்கையின் கணவர் டைல்ஸ் வியாபாரி. நல்ல மனிதர், பெரிய தொண்டை. செலவை எல்லாம் தானே ஏற்றுக்கொண்டார். அவருடைய புதிய ஷோரூம் திறப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மனைவியின் கிட்டார் கூரையிலிருந்து ஒலிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"சத்தம் மட்டும் குறையக் கூடாது மச்சான். கடைக்குள்ள வர்றவன் காதுல விழணும்."

"செஞ்சிடலாம் மாப்பிள்ளை."

ஒரே பாட்டுக்கு எதிரெதிரான இரண்டு வாக்குகளைக் கொடுத்துவிட்டு, அவர் வழக்கம்போல நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மாப்பிள்ளை தங்கையோடு கேட்க வந்தபோது அவர் தங்கை சொன்னபடியே செய்து வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குக் காட்டியது குமிழை. மாப்பிள்ளை அதை முழுக்கத் திருகினார். விளக்கு கண்ணைப் பறித்தது.

"இப்பத்தான் மச்சான் பாட்டு எந்திரிச்சு உக்காருது."

தங்கை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை பாட்டைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். தன் சாமர்த்தியத்தைக் கடைசி ஆள் மெச்சிக்கொண்டிருந்தது, கார் முதல் சிக்னலை அடைகிற வரைக்கும்தான். போன் அடித்தது.

"மச்சான், உங்க ரூம்ல கேட்டது வேற, இது வேற. முன்னாடி ஒரு டான்ஸ் பாட்டு ஓடிட்டிருந்துச்சு. அது முடிஞ்சு இவ பாட்டு வந்தா, வண்டிதான் நின்னு போச்சோன்னு சாவியைத் திருகிப் பாக்கறேன்."

"வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கோங்க மாப்பிள்ளை."

"நான் எதுக்குக் கூட்டணும்? அவன் பாட்டுக்கு நான் கூட்டலையே."

எந்தக் காரிலும் ஒரு வால்யூம் குமிழ் இருக்கிறது. அது உண்மையிலேயே வேலை செய்கிறது. அதை யாரும் தொட வேண்டியிராமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் கடைசி ஆளின் தொழிலே நடந்துகொண்டிருந்தது. ஆகவே, "செஞ்சிடலாம்" என்றார்.

லிமிட்டரை இழுத்துவிட்டார். திரையில் மலையும் பள்ளத்தாக்குமாகத் தெரிந்த கிட்டார், வெட்டிவிட்ட புல்தரை போல ஆயிற்று. போட்டுக் கேட்டபோது, அடடா, நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது. சத்தமாக இருப்பதெல்லாம் முதலில் நன்றாகத்தான் தோன்றும். சம்பளம் வாங்கிக் கேட்கிற காதும் இதில் மற்றக் காதுகளைப் போலத்தான்.

மறுநாள் மதிய இடைவேளையில், கழுத்தில் மருத்துவமனை அட்டையோடு தங்கை வந்தாள். கண்ணை மூடிக் கேட்டாள்.

"இது யாரு? பக்கத்துல ஒருத்தர் மூச்சு வாங்கறாரே."

"அது நீதான்."

"நானா? மூட்டை தூக்கிட்டு மாடியேறி வந்தவ மாதிரி இருக்கே." இன்னும் கொஞ்சம் கேட்டாள். "இந்தக் கிறீச்?"

"நீ உக்காந்த நாற்காலி."

"நல்லா வாசிக்குது. என்னைவிட அதுக்குச் சாதகம் அதிகம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. பாட்டு நின்றது. அவள் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள்.

"கடைசில ஏறுமே, அது இன்னும் வரலையே."

"வந்துடுச்சும்மா."

"எப்ப?"

அவர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். ஆரம்பமே கூரையில் இருந்தால் முடிவு எங்கே ஏறும்? அவள் கட்டைவிரலை நீவிக்கொண்டே எழுந்தாள்.

"உன் இஷ்டம் அண்ணா. ஆனா இதை வாசிச்சது நான் இல்லை." இரண்டு மணிக்கு ஒரு கடைவாய்ப்பல் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவி, "உங்க தங்கச்சி போன் பண்ணினா" என்றார்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. அதாங்க பயமா இருக்கு."

கடைசி ஆள் இரண்டு நாள் யோசித்தார். தொழிலில் நேர்மையான சோதனை ஒன்று உண்டு. இரண்டு வடிவங்களையும் ஒரே சத்த அளவில் வைத்துப் போட்டுக் காட்டுவது. சத்தமானதைக் குறைத்து, மற்றதற்குச் சமமாக்குவது. அப்போது காதுக்கு லஞ்சம் கிடைக்காது. எது உயிரோடு இருக்கிறது, எது நசுங்கிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். வியாபாரத்தை உத்தேசித்து இந்தச் சோதனையை அவர் எந்த வாடிக்கையாளருக்கும் காட்டியதில்லை. இப்போது மாப்பிள்ளையை வரவழைத்துக் காட்டினார். காட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார், இனி தான் வாயைத் திறக்க வேண்டியிராது என்ற நம்பிக்கையில்.

மாப்பிள்ளை இரண்டையும் நியாயமாக, கண்ணை மூடிக்கொண்டு, முழுசாகக் கேட்டார்.

"முதல்ல போட்டது மேடு பள்ளமா இருக்கு மச்சான். ரெண்டாவது மட்டமா, ஒரே சீரா இருக்கு. ரெண்டாவதுதான் நல்லா இருக்கு."

"மாப்பிள்ளை, அந்த மேடு பள்ளம்தான் பாட்டு."

"மேடு பள்ளத்துக்காக இத்தனை வருஷமா திட்டு வாங்கறவன் நான். ஒரு டைல் நூலளவு தூக்கிட்டு நின்னா வீட்டுக்காரம்மா வாசல்ல வந்து நிக்குது. என்கிட்டயே வந்து மேடு பள்ளம் நல்லதுங்கறீங்களே."

விஞ்ஞானம் இத்தோடு தீர்ந்தது. காட்டுவதற்கு இனி எந்தக் கருவியும் பாக்கி இல்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"முடியாது மாப்பிள்ளை."

பழக்கமில்லாத சொல். பாதி இருமலாகவே வந்தது.

"என்னது?"

"முடியாது. இந்தத் தட்டையானது வெளியே போகாது. அவ விரல் இன்னொரு தடவை இப்படி வாசிக்காது. இருக்கறது இது ஒண்ணுதான்."

மாப்பிள்ளை அவரையே பார்த்தார். "வாசிக்காதுன்னா? கொஞ்சம் வலின்னுதானே சொன்னா."

"நிறுத்திடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே மச்சான்."

"சொல்லியிருப்பா மாப்பிள்ளை. மெதுவாச் சொல்லியிருப்பா."

நுரைப் பலகை அறையில் அந்த வாக்கியம் எங்கும் எதிரொலிக்காமல் அப்படியே நின்றது. மாப்பிள்ளை தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வியாபாரம் செய்தே பழகிய மனிதர். சிறிது நேரத்தில் மீண்டுவிட்டார்.

"சரி. அவ சொன்னபடியே போகட்டும். அப்ப என் கடைக்கு?"

"கடைக்குத் தனியா ஒண்ணு தர்றேன். ரசமட்டம் வெச்சே பாத்துக்கோங்க."

திறப்பன்று கூரையிலிருந்து தங்கையும் அவள் மூச்சும் நாற்காலியும் சரிசமமாக வாசித்தார்கள். வந்தவர்கள், குளியலறைக்கு வழுக்காத டைல் எந்தப் பக்கம் என்று விசாரித்தார்கள். அதே வாரம் மற்ற வடிவம், ஆரம்பமும் ஏற்றமும் கெடாமல், பாட்டுச் செயலிகளில் வெளியானது. அந்தச் செயலிகள் ஒரு காரியம் செய்கின்றன. வருகிற பாட்டை எல்லாம் எடை போட்டு, அளவுக்கு மீறிக் கத்துவதைக் குறைத்து, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் கேட்கவைக்கின்றன. கடைசி ஆட்கள் கண்ணும் காதும் நோகக் கூட்டியதை ஒரு கணக்கு நொடியில் இறக்கிவிடுகிறது. நசுக்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும். தொழிலில் எல்லாருக்கும் இது தெரியும். வாடிக்கையாளரிடம் சொல்லத்தான் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளையின் போன் வந்தது. கடைசி ஆள் அதை எல்லாரும் கேட்கும்படி வைத்தார்; மாப்பிள்ளையின் தொண்டைக்கு அது அவசியமில்லை.

"மச்சான், வண்டில செயலியில போட்டேன். அதே டான்ஸ் பாட்டு, அடுத்ததே இவ பாட்டு. நல்லாக் கேக்குதே. முடிவுல அடிக்கறா பாருங்க, கண்ணாடி அதிருது. பிடிவாதமாப் பேசினாலும் கடைசி நேரத்துல என் பேச்சைக் கேட்டுச் சத்தத்தை ஏத்திட்டீங்க, இல்லையா? இருங்க, ஓரமா நிறுத்திட்டு இன்னொரு தடவை போடறேன்."

ஒரு துளியும் ஏற்றவில்லை. அதை விளக்கமாகச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். தங்கை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இரு அண்ணா," என்றாள் தணிந்த குரலில். "அவர் ஏத்தினதாவே இருக்கட்டும். வண்டியை ஓரமா நிறுத்திட்டு, முதல்லேருந்து திரும்பப் போடறார்."

அந்த ஆரம்பம் போனில் கேட்க வழியே இல்லை. அவ்வளவு மெல்லிய ஒலியைப் போன் குப்பை என்று தள்ளிவிடும். அவர்களுக்குக் கேட்டது வண்டியின் இண்டிகேட்டர் அடித்துக்கொள்வது மட்டும்தான். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை.