நாலாம் நாள் முளை

விதைப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தட்டு கழுவச் சம்பளம் வாங்குகிறவள் அவள். அங்கே எல்லோரும் எழுந்து நின்று கும்பிடுகிற அதிகாரி மேல் அவளுக்குத் துளி மரியாதை கிடையாது. மனசுக்குள் அந்த மனுஷருக்கு அவள் வைத்திருந்த பெயர் 'நாலாம் நாள்'.

ஈரத்தாள் விரித்த தட்டுகளில் நூறு நூறு நெல்லாக அடுக்கி, உப்புத் தண்ணீர் விட்டு மூடி வைப்பது அவள் வேலை. நாலாம் நாள் அவர் பூதக்கண்ணாடியும் கையுமாக வருவார். நெல் முனையில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தால் போதும். "தொண்ணூத்திரெண்டு! உப்பைத் தாங்குற ரகம்!" என்று பூரித்துப்போய் எழுதிவிட்டு, தட்டுகளைக் கழுவச் சொல்லி டீ குடிக்கப் போய்விடுவார். பிள்ளை கண் திறந்ததுமே கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற ஆசாமி.

இந்த முறை அவள் கழுவவில்லை. அக்காவின் வயல் உப்புப் பூத்துக் கிடந்தது. போன போகத்தில் ஒரு மணி வீடு வந்து சேரவில்லை. இந்த விதையைத்தான் அக்கா மலைபோல் நம்பியிருந்தாள். அதனால் ஒரு தட்டைக் கழுவுதொட்டிக்கு அடியில் ஒளித்து வைத்து, அதே உப்புத் தண்ணீரை விட்டு வந்தாள். பத்தாம் நாள் வேர் பழுப்பேறியது. பதினாலாம் நாள் இலை நுனி கருகி, நாற்றெல்லாம் படுத்துவிட்டது. நூற்றுக்கு ஆறு பிழைத்தது.

தட்டைக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்தாள்.

"ஏம்மா, முளைப்புச் சோதனை நாலு நாளோட முடிஞ்சுபோச்சே. கையெழுத்தும் போட்டாச்சு."

"அப்போ வயல்லயும் நாலாம் நாளே அறுத்துடலாமா சார்?"

அவர் தட்டை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். விதை மூட்டைகள் கிளம்பிப் போயின.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்கு ஓடினாள். மூட்டை அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"விதைக்காதேக்கா. முளைக்கும், ஆனா நிக்காது. உப்பு வேரைத் தின்னுடும்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்ச மனுஷன் கையெழுத்துப் போட்டிருக்காரு. தட்டு கழுவறவ நீ. உனக்கு என்னடி தெரியும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அந்த ஆள்மேல் அவள் வைத்திருந்த இளக்காரம் வீட்டில் செல்லாக்காசாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த வாரம் போன் வந்தது. அக்காவுக்குச் சந்தோஷம் தாளவில்லை.

"என்னமோ பயமுறுத்தினியே, வந்து பாருடி! அத்தனையும் முளைச்சிருச்சு! மிச்ச வயலுக்கும் இதையே சொல்லி வச்சிட்டேன்."

"விதைச்சு எத்தனை நாளாச்சுக்கா?"

"இன்னையோட நாலு."