பள்ளியில் முடிந்த வழக்கு

சரீபாவை ஏமாளி என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். கல்முனைச் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு கீரிமீன்கூட வாங்காதவள் அவள். அப்படிப்பட்டவள்தான் 1996இல், மகள் றாஹிலாவின் கல்யாணத்துக்கென்று மாவிடித்துச் சேர்த்த காப்புகளைக் கழற்றி, வெளிநாட்டு ஏஜென்சி நடத்திய ஸலாஹுதீனிடம் ரசீதென்று ஒரு துண்டுகூட இல்லாமல் கொடுத்தாள். தான் குவைத்துக்குப் போக விசா எடுத்துத் தருவான், இரண்டு வருடம் உழைத்தால் மகளுக்கு வீட்டையும் கட்டி முடிக்கலாம் என்று நம்பினாள்.

துண்டு எப்படிக் கேட்பது? ஸலாஹுதீன் அவளுடைய குடி. தாய்வழியில் ஒரே குடியில் பிறந்தவனிடம் துண்டு கேட்பதும் முகத்தில் துப்புவதும் ஒன்று. அன்றைக்கே காசு கட்டிய பாண்டிருப்புப் பூமணிக்கு அந்தச் சங்கடம் இல்லை. கேட்டு வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

எட்டு மாதமாகியும் விசா வரவில்லை. காப்பை அவன் விற்றுத் தின்றுவிட்டான். பூமணி துண்டோடு பொலிசுக்குப் போய்ப் பாதிக் காசையாவது மீட்டாள். மீட்ட கையோடு சரீபாவைத் தேடி வந்தாள்.

"என்னோட வாங்க அக்கா. நீங்க காப்பக் கழட்டிக் குடுத்தத நான் கண்டனான். பொலிசில சொல்லுறன்."

"வேணாம் பூமணி. பொலிசுக்குப் போனா எங்கட குடிக்குத்தான் கேவலம். பள்ளியில வெச்சிக் கேக்கன். அல்லாஹ்ட வீட்டில பொய் சொல்ல அவனுக்கு நெஞ்சு வராது."

சாட்சி சொல்ல ஒருத்தி வாசல்வரை வந்து நின்றாளே! அந்தக் கையைத் தட்டிவிட்டாள் பாவி.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, பள்ளியில் அந்தக் குடிக்குப் பொறுப்பான மரைக்கார் றஸாக் விசாரித்தார். துண்டு இல்லை.

"அப்ப அவன் குர்ஆன்ல கை வெச்சிச் சத்தியம் பண்ணட்டும்," என்று பக்கக் கதவுக்கு வெளியே நின்ற சரீபாவே கேட்டாள்.

ஸலாஹுதீன் எழுந்து போய் ஆறுதலாகக் கைகால் முகம் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்தான். தான் ஒரு சாமானும் வாங்கவில்லை என்று சத்தியம் பண்ணினான். அவனுடைய குரல்கூட நடுங்கவில்லை.

மறுநாள் பூமணியைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கு ஓடினாள். பள்ளியில் சத்தியத்தோடு முடிந்ததைத் திரும்பக் கிளற முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாய் உம்மு நல்ல மனுசி. காப்பில்லாவிட்டாலும் நிக்காஹ்வை வைப்போம் என்றாள். பள்ளியின் நிக்காஹ் கடிதத்தில் ஒப்பம் வாங்கச் சரீபா சந்தோசமாக மரைக்காரிடம் ஓடினாள்.

"சத்தியம் பண்ணினவனக் கள்ளன் எண்டு ஊரெல்லாம் கதைச்சிரிக்கிங்க," என்றார் அவர். "அவனிட்ட மாப்புக் கேளுங்க. அதுக்குப் பொறகுதான் நிக்காஹ் கடிதத்தில நான் ஒப்பம் வெப்பன்."

இரண்டு நாள் அவள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸலாஹுதீனின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாப்புத் தாங்க தம்பி."

அவள் உட்கார அவன் கதிரையை இழுத்துப் போட்டான்.

"நான் அப்பவே மன்னிச்சிட்டன் ராத்தா. நம்மட குடிதானே நீங்க," என்றான்.