மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இரண்டு வீட்டாரின் ஊர். கடைசியில், "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்" என்று போதகர் எல்லோரையும் ஒருமுறை பார்ப்பார். பின்பெஞ்சில் தூங்கி வழிகிறவர்கூடத் தடை சொல்லலாம். பெண்ணிடம் கேட்பதோ கல்யாணத்தன்று, விருந்துக்குச் சமைத்து இறக்கிய பிறகு. அதற்கு மேல் எந்தப் பெண் இல்லை என்று சொல்வாள்?

2014 ஜனவரியில் ஓலையில் வந்தது என் பெயர். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு ஒருத்தி இருந்தாள். அதே சபைக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். தோழியை எங்கள் பக்கம் கூட்டுக்காரி என்போம். அந்தச் சொல்லுக்குள் நாங்கள் ஆறு வருடம் நிம்மதியாக இருந்தோம். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றுதான் அம்மாவிடம் அந்தச் சொல்லின் முழு அர்த்தத்தையும் சொன்னேன். அம்மா அழவில்லை. துபாயில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"கோர்ட்டே குத்தம்னு செல்லியாச்சு. பேப்பர் வாசிக்க மாட்டியா? ஜெயில்ல போய்க் கெடப்பியா?" என்று கத்தினான் அண்ணன்.

பெண்ணும் பெண்ணும் சேர்வது குற்றமில்லை என்று டெல்லியில் ஒரு கோர்ட் சொல்லி நாலு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை காலமும் பேப்பர் பக்கமே போகாதவன், போன மாதம் பெரிய கோர்ட் அதைத் திருப்பியதை மட்டும் வரி விடாமல் வாசித்துவிட்டான். என்னைக் கேட்காமலே ஓலைக்குப் பெயர் கொடுத்தார்கள்.

முதல் ஓலை முடிந்ததும் போதகரைப் போய்ப் பார்த்தேன். தடை உண்டு என்றேன். முறை கெட்ட சொந்தமா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா என்று பொறுமையாக விசாரித்தார்.

"எனக்குச் சம்மதமில்ல ஐயா. நான் ஒரு பொண்ணத்தான் நேசிக்கேன்."

"அது தடையில்ல மக்கா, அது பாவம். ஜெபிச்சா போவும்."

பாவம் செய்கிறவளை எதற்கு ஒரு அப்பாவி மாப்பிள்ளையின் தலையில் கட்ட வேண்டும்? கேட்டேன். அடுத்த ஞாயிறும் வாசித்தார்.

மூன்றாம் ஓலைக்கு எழுந்து நின்றேன். "தடை உண்டு. பொண்ணுக்குச் சம்மதமில்ல. அவ நேசிக்கது வேற ஒரு பொண்ண. சம்மதமில்லாத பொண்ணு நான்தான், ஓலையில வாசிச்ச பேரு என் பேரு."

"இரிட்டி, மானம் போவுது" என்று அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு போதகர் அறிவித்தார்: "நம் சகோதரிக்குச் சுகமில்லாததால் திருமணம் நின்றுபோனது. அவளுடைய பூரண சுகத்துக்காக ஜெபிப்போம்." நான் சொன்னதைச் சபையில் அத்தனை பேரும் கேட்டார்கள். அதற்குக் காய்ச்சல் தலைவலி மாதிரி ஒரு பெயர் வைத்து, கண்ணை மூடி "ஆமென்" என்றார்கள். அம்மாவின் ஆமென் எனக்குத் தனியாகக் கேட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தீனம் எப்படி இருக்கு, மருந்து உண்டா, சோறு இறங்குதா, உறக்கம் வருதா. நான் நேசிப்பது யாரை என்று அறியாத பெரியம்மா ஒருத்தி கூட்டத்தில் என் கூட்டுக்காரியைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தாள்.

"நீ நர்சுல்லா மக்கா? இவள ஒத்தையில விடாத. கையப் பிடிச்சு வீட்டுல கொண்டு விடு."

அவள் என் கையைப் பிடித்தாள். சபை முழுவதும் பார்த்து நிற்க, நடுமுற்றத்தில் கையோடு கை கோத்து நடந்தோம். எல்லோரும் இரக்கத்தோடு வழிவிட்டார்கள். ஆறு வருடமாக ஆசைப்பட்ட நடை அது. அது கிடைக்க நான் நோயாளியாக வேண்டியிருந்தது.