மாமனார் பெயரில் ஒரு சர்வர்

கிர்கிஸ்தானின் நாரின் ஊரில் பெர்மெத்தைப் போல் பிடிவாதக்காரியைப் பார்க்க முடியாது. கணவன் மக்சாத் மலைக் கணவாயில் பனிச்சரிவில் சிக்கி இறந்த பிறகு, கால்நடை மருந்துக் கூட்டுறவில் அவன் பார்த்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் கையால் அமைத்த மெயில் சர்வரும் அவள் பொறுப்பில் வந்தது. அதற்கு அவன் ஆசையாய்த் தன் அப்பா பெயரை வைத்திருந்தான்: தெமிர்பெக். எங்கள் வழக்கத்தில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அவர் செத்த பிறகும் சொல்லமாட்டாள். பெர்மெத் அதை விசைப்பலகையில் தட்டுவாள், அவ்வளவுதான்.

அந்த இலையுதிர் காலத்தில் சர்வரைத் தலைநகர் பிஷ்கெக்கில் வாடகைக்கு எடுத்த புது இடத்துக்கு மாற்றினாள். இடம் மாறினால் சர்வரின் இணைய எண்ணும் மாறும். மெயில் வாங்குகிற இடத்தில், "இந்த எண் யாருடையது?" என்று திருப்பிக் கேட்பார்கள். எண் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைத் தேடினால் அதே எண் வர வேண்டும். இல்லையா, மெயில் குப்பைக்குத்தான். எண்ணுக்குப் பெயர் எழுதுவது வாடகைக்கு விட்டவர்கள் வேலை. அங்கே தஸ்தான் என்ற பையன் போனில் கேட்டு எழுதிக்கொள்வான்.

"அக்கா, என்ன பேரு போடணும்?"

அடுப்புப் பக்கம் தெமிர்பெக் பால் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் அந்தப் பெயரை பெர்மெத் எப்படிச் சொல்வாள்? அப்பா என்று தினமும் அவரைக் கூப்பிடுகிற சொல்தான் வாயில் வந்தது.

"அத்தா. அதையே போடு தம்பி."

"சர்வருக்கு நல்லா பேரு வச்சீங்க போங்க!" என்று சிரித்தான் அவன்.

கிழவருக்கும் சிரிப்பு. "ஏம்மா, என் பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா?"

"உங்க மகனைக் கேளுங்க. அவர் வச்ச பேருதானே!"

பரவாயில்லை, சாயங்காலம் தன் பக்கத்துப் பெயர்ப் பதிவிலும் "அத்தா"வைச் சேர்த்து இந்த எண்ணோடு இணைத்துவிடலாம் என்று நினைத்தாள். ஒரே ஒரு வரி. சாயங்காலமோ மக்சாத்தின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஆடு அறுத்து, மாவு பிசைந்து, நான்கு நாள் விருந்து. அந்த ஒரு வரியை அவள் மறந்தே போனாள்.

குளிர்காலம் தொடங்கியதும் தெமிர்பெக்குக்கு மூச்சு வாங்கியது. இதயத்தில் வால்வு கெட்டிருந்தது. பக்கத்து நாட்டு அல்மாத்தி ஆஸ்பத்திரியில், வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட்டுகளை மெயிலில் அனுப்பினால் ஆபரேஷனுக்கு இடம் பிடித்து வைப்போம் என்றார்கள். பெர்மெத் அன்றைக்கே மக்சாத்தின் சர்வரிலிருந்து அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

பதில் வரவில்லை. பெரிய டாக்டர்கள், நேரம் எடுக்கத்தான் செய்யும் என்று இருந்தாள்.

"உன் சர்வரும் என்னை மாதிரியே மெதுவா நடக்குது போல," என்றார் கிழவர்.

பதினோராம் நாள் அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

"உங்ககிட்டேருந்து ஒண்ணும் வரலையேம்மா," என்றாள் அங்கிருந்த பெண். தேடிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஐயோ, குப்பையில கிடக்கு. அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம். இனிமே ஆறு வாரம் ஆகும்."

பெர்மெத் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். எண், "அத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அத்தா என்று தேடினால் ஒன்றுமே இல்லை. பாவி, தலையில் அடித்துக்கொண்டு அந்த வரியைச் சேர்த்தாள். பிறகு கிழவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட பைத்தியக்காரப் புள்ள! பேரைச் சொல்லியிருந்தா நான் திட்டவா போறேன்?"

"வாய் வரலையே, அத்தா."

"சரி, இப்ப சொல்லு. நானே சொல்றேன்ல, சொல்லு."

வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அவர் அவள் தலையைத் தடவி, "விடு விடு, ஆறு வாரம் தாங்க மாட்டேனா நான்?" என்றார்.

நாலு வாரம்தான் தாங்கினார்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, பெர்மெத் தஸ்தானுக்குப் போன் செய்தாள். இப்போதுள்ள பெயரே வேலை செய்கிறது. மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

"அந்தப் பேரை எடுத்துட்டு சரியான பேரைப் போடு தம்பி."

"சொல்லுங்க அக்கா."

"தெமிர்பெக்."

"லைன் சரியில்ல அக்கா. கொஞ்சம் சத்தமா."

"தெமிர்பெக்!" என்று கத்தினாள். கத்திய வேகத்தில் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்காரும் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"போட்டாச்சு அக்கா. வேற ஏதாவது?" என்று தஸ்தான் கேட்டுக்கொண்டே இருந்தான். பெர்மெத் போனை வைக்காமலே அழுதுகொண்டிருந்தாள்.