புற்றடியில் கிடைத்த வில்லை

பிள்ளைகளா, பழங்காசு என்று யாராவது ஒரு வில்லையை நீட்டினால் முதலில் அதன் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். எனக்கு இது ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததால் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. எங்களுக்கு என்றால், பத்திரம் தாத்தா பெயரில், பேச்சு பெரியப்பா வாயில், பாடு அம்மா கையில். அப்பா அண்ணன் சொல்லுக்குத் தலையாட்டுவதோடு சரி. வீட்டுமனை போடுகிறவருக்குத் தோப்பை விற்றுவிடப் பெரியப்பா முடிவு செய்திருந்தார். அம்மா வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். பொம்பளைக்கு இதில் என்ன பேச்சு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள், தோப்பு மூலையில் இருந்த புற்றடியில் சருகு கூட்டச் சொன்னாள் அம்மா. கூட்டினேன். மண்ணோடு ஒரு பித்தளை வில்லை வந்தது. ஒரு பக்கம் வரிவரியாகத் துணி தொங்கும் தலை, நெற்றியில் படமெடுத்த பாம்பு. மறுபக்கம் மூன்று முக்கோணம், சுற்றிலும் ஏதோ எழுத்து. நான் வாய் திறப்பதற்குள் அம்மா குலவை போட்டாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்களெல்லாம் ஓடிவந்தார்கள். பழங்காசு ரூபத்தில் நாகம்மாள் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. புற்று இருக்கிற இடத்தை இடித்துப் பாவம் சேர்க்க மாட்டேன் என்று மனைக்காரர் பின்வாங்கினார். யாருக்கும் அடங்காத பெரியப்பா அந்தப் பாம்புக்கு அடங்கிப்போனார்.

எனக்கோ ஆத்திரம். கண்டெடுத்தவன் நான். பள்ளிக்கூடத்தில் காட்ட ஒருநாள்கூடத் தரவில்லை. மஞ்சள் பூசிப் புற்றடியில் வைத்திருந்ததை நான் தொட்டதும் அம்மா ஓங்கி அறைந்தாள். அதற்குமுன் அவள் என்னை அடித்ததே இல்லை. அரிவாளைத் தீட்டும்போது அரம் நழுவியதென்று கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாள். அந்தத் துணி கன்னத்தில் சொரசொரவென்று பட்டது.

மறுநாளே அதைத் திருடிக்கொண்டு சின்னமனூருக்குப் போனேன். பழைய பித்தளை வாங்கும் பாய் ஒருவர் மஞ்சளைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது எகிப்து ராசா மூஞ்சி, தம்பி. ஆனா அந்தக் காலத்துக் காசு இல்ல. ஓரத்தத் தடவு, கோடு ஓடுதா? ரெண்டு அச்ச ஒண்ணா வச்சு வார்த்தா இப்பிடித்தான் விழுகும். எழுத்துன்னு நெனைக்காத, ஒரே கிறுக்கலத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கான். திருவிழாக் கடையில சாவிக்கொத்துக்கு விக்கிற சாமான்."

பிறகு வில்லையின் தலைமாட்டைக் காட்டினார்.

"இங்கன வளையம் மாட்ட ஒரு காது இருந்திருக்கு. அரத்தால ராவி எடுத்திருக்காக. ராவுன எடம் புதுசு, மினுங்குது பாரு."

வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்ற எல்லாரும் கூடியிருந்தார்கள். வில்லையைக் காணோமென்று அம்மா தேடிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பையிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினேன். சாமியும் இல்லை, பழங்காசும் இல்லை, சாவிக்கொத்து வில்லை என்றேன்.

"வேணாம்டா சாமி, வீட்ல போயிப் பேசலாம்," என்றாள் அம்மா.

நான் இன்னும் சத்தமாக, பாய் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அறைந்தவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். பெரியப்பா வில்லையை வாங்கி ஓரத்தைத் தடவினார். பிறகு சிரித்தார்.

"ஏலே, நம்ம வீட்லயே நீ ஒருத்தன்தாண்டா வெவரமானவன்."

வில்லையை அவரே என் சட்டைப்பையில் போட்டார். நான் அப்படியே பூரித்துப்போனேன். இன்றைக்கு எனக்குப் பெரியப்பாமீது கோபம். பேசாமல் நின்ற அப்பாமீது கோபம். அந்தப் பூரிப்பின்மீதுதான் எல்லாவற்றையும்விடக் கோபம்.

மனைக்காரருக்குப் பயம் விட்டுப்போனது, அடுத்த வாரமே பொக்லைன் வந்தது. முதலில் புற்று, பிறகு தென்னைகள். வரிசையாகச் சாய்ந்ததை அம்மா வரப்பில் நின்று பார்த்தாள். என்னைத் திட்டவில்லை.

"ஒன் சாமான் ஒங்கிட்டயே வந்துருச்சுல்ல," என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் கை என் தோளில் இருந்தது. கட்டைவிரலில் இன்னும் துணி. நான் பைக்குள் கையை விட்டு, வில்லையில் ராவிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். அரம் பட்ட வில்லை என் கையில் இருந்தது, அரம் பட்ட விரல் என் தோளில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று எனக்குத் தெரியவில்லை.