பின்சீட் இல்லாத வண்டி

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் மூன்று தடவை சோதிப்போம். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் கையெழுத்து. அந்த இரவு நடந்ததையும் நான் அப்படித்தான் சோதித்தேன். மூன்று தடவையும் ஒரே முடிவு. அதனால் தயங்காமல் கையெழுத்துப் போடுகிறேன். இது நடந்தது. போன மாதம், எனக்கே.

எனக்கு ஆட்களோடு பேச வராது. கடையில் மீதிச் சில்லறை கேட்பதற்குக்கூட மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஹெல்மெட் மாட்டியிருந்தால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அதற்காகவே வண்டி ஓட்டிப் பழகினேன் என்றாலும் தப்பில்லை. பிறகு ஓட்டுவதே பிடித்துப்போய்விட்டது.

மூன்று வருடமாக ஒரே திட்டம்தான். ஆசியாவைக் கடந்து ஐரோப்பாவின் மேற்கு ஓரம் வரை, வண்டியில், தனியாக, பத்து மாதம். என் அறைச் சுவர் முழுக்க வரைபடம். வெயில் ஏறுவதற்குள் பாலைவனத்தைத் தாண்டியாக வேண்டும். பனி உருகிய பிறகுதான் மலைக் கணவாய்களில் ஏற முடியும். இரண்டும் ஒத்துவருகிற மாதிரி கிளம்ப ஒரே ஒரு வாரம்தான் இருந்தது. விடுப்பு கிடைத்துவிட்டது. விசாக்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பாக்கி அம்மா மட்டும்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா நர்ஸ். விபத்து வார்டில் இரவு வேலை.

"ரெண்டு கண்டம் தாண்டப் போறேன்மா" என்றேன்.

"எனக்குக் கண்டம்னா வேற அர்த்தம்டி. தினமும் ராத்திரி கண்டத்துல தப்பிச்சவங்களைத்தான் துடைச்சு விடுறேன். தப்பிக்காதவங்களையும்."

இரண்டு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. தட்டு வைக்கிற சத்தத்திலேயே சண்டை நடந்தது. கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

"ஒரு ராத்திரி. தனியா போ, தனியா தங்கு, முழுசா வந்து நில்லு. எனக்கு போன் பண்ணக் கூடாது. நானும் பண்ண மாட்டேன். யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டன்னு தெரிஞ்சுது, அந்த மேப்பை நானே கிழிச்சுப் போட்டுடுவேன்."

சரி என்றேன்.

மெக்கானிக் அண்ணன் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாமான் கட்ட ஒரு இரும்புக் கேரியர் பொருத்திக் கொடுத்தார். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி.

"பின்சீட்டே இல்ல. வழியில யாராவது லிஃப்ட் கேட்டா என்ன சொல்லுவ?"

"இடம் இல்லன்னு."

"நீ வாயைத் திறந்து சொல்லிட்டாலும்!" என்று சிரித்தார்.

பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் மட்டும் கழற்ற முடியவில்லை. பெட்டிகளைத் தாங்கும் சட்டமும் அதே போல்ட்டில்தான் மாட்டியிருந்தது. மேலே மடக்கிவிட்டார். நல்ல இறுக்கம். அழுத்திப் பிடித்து இழுத்தால்தான் 'டக்' என்று கீழே இறங்கும்.

வண்டியில் ஏற்றியதை எல்லாம் எடை போட்டுத்தான் ஏற்றினேன். கூடாரம், கருவிகள், தண்ணீர், துணி. பத்து மாதத்துக்கு எவ்வளவு கொண்டுபோவேனோ அவ்வளவும். அம்மா சொன்ன அந்த ஒரு ராத்திரிக்காகக் கிளம்பி, அந்தப் பாரத்தோடு இருநூறு கிலோமீட்டர் ஓட்டினேன். வண்டி சொன்னபடி கேட்டது.

மலையேற்றத்தில் ஒரு வளைவு. எதிரே லாரி வந்தது. ஓரம் கட்டி, ஒரு காலை ஊன்றி நின்றேன். லாரி போனது. கிளட்ச்சை விடப்போன நேரம் வண்டியின் பின்பக்கம் ஒரு தடவை அழுந்தி எழுந்தது. யாராவது ஏறி உட்கார்ந்தால் அழுந்துமே, அப்படி.

திரும்பிப் பார்த்தேன். என் மூட்டைதான் இருந்தது.

அங்கிருந்து வண்டி லேசாக இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது.

மலை உச்சியில் ஒரு டீக்கடை. இறங்கியதும் பார்த்தேன், இடது பக்க ஃபுட்ரெஸ்ட் கீழே இறங்கியிருந்தது. வலது பக்கம் மடக்கியபடியே இருந்தது. அதிர்வில் இறங்கியிருக்கும் என்று மடக்கிவிட்டேன். டீ குடித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக் கிளம்பும்போது கடைக்கார அம்மா கையசைத்தார்.

"பார்த்துப் போங்க கண்ணுங்களா!"

கண்ணு என்றாரா, கண்ணுங்களா என்றாரா? ஹெல்மெட்டுக்குள் எதுவும் சரியாகக் கேட்காது.

இரவு தங்க நினைத்திருந்த மலை விடுதிக்கு வந்தபோது மணி ஏழேகால். மறுபடியும் ஃபுட்ரெஸ்ட் இறங்கியிருந்தது. இடது பக்கம் மட்டும்.

விடுதிக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணை "ஏய், இங்க வா" என்று கூப்பிட்ட மனிதர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க, வாங்க. பின்பக்க ரூம் காலியா இருக்கு. உங்களுக்கு வசதியா இருக்கும். குளிர் ஜாஸ்தி, கதவைச் சாத்திக்குங்க."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. யாரும் என்னை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. அலுமினியப் பெட்டியில் இரண்டு கண்டங்களின் படத்தை ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அறைக்குப் பின்னால் சரளைக்கல் போட்ட முற்றம். வண்டியை என் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினேன். இரண்டு தடவை சோதித்தாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி. ஃபுட்ரெஸ்டை மடக்கி, சட்டத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினேன். அந்த வகை டையை அவிழ்க்கவே முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஏன் இடது பக்கம் மட்டும்? இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் இரண்டுமே இறங்க வேண்டும். ஒரு பக்கமாக உட்கார்ந்தால்தான்...

அந்த யோசனையை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

'டக்.'

விழித்துக்கொண்டேன். கைக்கடிகாரத்தில் மணி 2.05.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

பிறகு 'கிர்ர்ர்...' என்று ஸ்பிரிங் மெதுவாக அமுங்கியது.

திருடனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். திருடன் என்றால் கத்தலாம். ஆனால் கத்தி ஆட்களைக் கூப்பிட்டால் அம்மா வைத்த சோதனையில் தோற்றுப்போவேன். மூன்று வருடம், அந்த ஒரே ஒரு வாரம், எல்லாம் போய்விடும். தலையில் டார்ச்சை மாட்டினேன். அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். முற்றத்துக்கு வந்தபோது மணி 2.10.

யாரும் இல்லை.

கேரியரில் கட்டியிருந்த மூட்டை சுவரோரமாக இருந்தது. விழவில்லை. எடுத்து வைத்த மாதிரி நேராக இருந்தது. கட்டியிருந்த பட்டைகள் அதன் மேல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

கேரியர் காலி.

இடது ஃபுட்ரெஸ்ட் இறங்கியிருந்தது. கீழே சரளையில் என் டை கிடந்தது. வெட்டவில்லை. அறுக்கவில்லை. நான் இறுக்கிய அதே வளையமாக...

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. மூட்டையே இல்லாமல்.

கேரியரில் கை வைத்தேன். அந்தக் குளிரில் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

என் கைக்கு அடியில் வண்டி மெல்ல உயர்ந்தது.

இறங்குகிறது.

'சரக்...'

எனக்கு இடது பக்கம்.

'சரக்... சரக்...'

என்னைத் தாண்டி, கட்டடத்தை நோக்கிப் போனது.

திரும்பவில்லை. முடியவில்லை. அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பின்கதவு திறந்தது. விடுதிக்காரர் டார்ச்சோடு வந்தார். வெளிச்சம் என் முகத்தில் பட்டது.

"அவங்க அப்பவே உள்ள போயிட்டாங்களே. நீ ஏம்மா பனியில நிக்கிற?"

அவங்க.

நீ.

சாயங்காலம் அவர் சொன்ன 'வாங்க', 'உங்களுக்கு' எல்லாம் மரியாதை இல்லை. பன்மை.

"யாரு... யாரு உள்ள போனது?"

"என்னம்மா இது. உன்கூட வந்தவங்கதான்." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பேருக்கும் சண்டையா?"

தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது? அந்த அறைக்குத் திரும்பிப் போகாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. முன்பக்க அலுவலகத்தில், விளக்கின் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு போர்வை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கோபத்தோட தூரமெல்லாம் போகக் கூடாது. பேசித் தீர்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

விடிந்ததும் அறையைத் திறந்தேன். யாரும் இல்லை. எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. போனைப் பையில் போட்டேன். மூட்டையை ஏற்றிக் கட்டினேன். விடுதிக்காரர் வாசலுக்கு வந்தார்.

"கிளம்பிட்டியாம்மா? பார்த்துப் போ."

போ என்றார். போங்க என்று சொல்லவில்லை. அந்த ஓர் எழுத்தில் எனக்கு உயிர் வந்தது.

திரும்பும் வழி முழுக்க வண்டி நேராக ஓடியது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் முதலில் குனிந்து பார்த்தேன். ஃபுட்ரெஸ்ட் மடக்கியபடியே இருந்தது. போய்விட்டது என்று முடிவு செய்தேன். மதியம் வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்தி, முழுசாக அம்மா முன்னால் நின்றேன். யாரையும் கூப்பிடவில்லை. சோதனையில் ஜெயித்துவிட்டேன்.

அம்மா இரவு வேலை முடிந்து வந்து தூங்காமல் எனக்காகக் காத்திருந்தாள். முகத்தில் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"போடி. போயிட்டு வா. நான் விட்டாச்சு," என்றாள். "ஒரே ஒரு கோபம்தான். ஏன் எங்கிட்ட மறைச்ச?"

"எதைம்மா?"

"கூட ஒரு பொண்ணு வர்றதை. முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்திருப்பேனா?"

திரும்பி வண்டியைப் பார்த்தேன்.

"போன் பண்ண மாட்டேன்னுதான் சொன்னேன். மனசு கேக்கலை. வார்டு கொஞ்சம் அமைதியாச்சு, பண்ணிட்டேன். அவதான் எடுத்தா. 'அவ வெளிய வண்டியைப் பார்க்கப் போயிருக்காம்மா, இப்ப வந்துடுவா'ன்னா."

பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் அழைப்பு. 2.14. பேசிய நேரம் பதினொரு நிமிடம்.

2.14க்கு நான் முற்றத்தில் நின்றிருந்தேன். போன் பூட்டிய அறைக்குள் இருந்தது. சாவி என் கையில் இருந்தது.

"நீ மூணு வருஷமா எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல," அம்மா சொல்லிக்கொண்டே போனாள். "அவ வரிசையா சொன்னாடி. எந்தெந்த ஊர், எங்க தங்கல், எங்க கப்பல்... எல்லாம் மனப்பாடமா வச்சிருக்கா. கிளம்புற அன்னைக்கு வந்து ஏறிக்கிறாளாம். பாதி வழியில விட்டுட்டு வந்துடாதேன்னு சொன்னேன். மாட்டவே மாட்டேன்னு சத்தியம் பண்ணினா."

"அம்மா..."

"ஒண்ணே ஒண்ணுக்குத்தான் பதில் சொல்லலை. எப்ப திரும்பி வருவீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'திரும்பியா? நாங்களா?'ன்னு கேட்டுட்டு ஒரே சிரிப்பு." அம்மாவும் சிரித்தாள். "நல்ல குறும்புக்காரிடி அவ."