மனப்பாடமாக இருக்குமோ?

மே 6, செவ்வாய். 6.50க்குப் பள்ளிக்கூடம். வருகைப் பதிவில் கையெழுத்து. ஒரு மக் கோப்பி. பகாவ் டவுன் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இதுதான் காலை.

10.20க்கு சேகர் வந்தார். தோட்டத்துச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். கையில் மகள் யாழினியைப் பள்ளி மாற்றும் விண்ணப்பப் பாரம். மூன்றாம் ஆண்டு வந்தும் வாசிக்கத் திணறுகிறாளாம்... டவுன் பள்ளியில் போடப் போகிறாராம்.

"கொஞ்சம் கேட்டுட்டுப் போங்கண்ணே" என்று யாழினியைக் கூட்டி வந்தார் புது டீச்சர் ஷாலினி. யாழினி பாடத்தை நிற்காமல் வாசித்தாள்.

பிப்ரவரியில் ஒரு வரி தாண்டாத பிள்ளை! எனக்குச் சந்தேகம். ஷாலினி சொல்லைத் துண்டு துண்டாக அட்டையில் எழுதுகிறார். 'படி' ஓர் அட்டை. பின்னால் சேர்பவை வேறு அட்டைகள். வால் மாறினால் பொருளும் மாறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டுமாம். சொல்லை வெட்டித்தான் படிக்க வேண்டுமா? நான் முழுச் சொல்லைப் பத்து தடவை எழுத வைப்பவள்.

சேகரும் என் கட்சிதான். "மனப்பாடம் டீச்சர். என்கிட்டயேவா?"

தோட்ட ஆபீஸிலிருந்து அன்று காலை வந்த நோட்டீஸ் என் மேசையில் இருந்தது. இன்னும் யார் கண்ணிலும் படாதது. எடுத்து நீட்டினேன்.

"பன்னிரண்டாம் நம்பர் பகுதியில்... களை... களைக்கொல்லி..."

அடுத்த சொல் நீளம். நின்றாள். சேகர் என்னைப் பார்த்தார்.

யாழினி கட்டைவிரலால் சொல்லின் பின்பாதியை மூடினாள். "தெளி." விரல் நகர்ந்தது. "தெளிக்க... தெளிக்கப்பட்டு... தெளிக்கப்பட்டுள்ளது. மாடுகளை மேய்க்காதீர்."

விடுவேனா? "அப்படின்னா?"

"மருந்து அடிச்சிட்டாங்க டீச்சர். யாருன்னு போடல." திடீரென்று திரும்பினாள். "அப்பா, நம்ம மாடு அங்கதான நிக்குது?"

"ஐயையோ!" சேகர் ஓடினார். மோட்டார் சைக்கிள் சீறியது. பாரமும் அவரோடு போய்விட்டது.

மாட்டைப் பார்த்த கையோடு டவுனுக்குப் போய்விடுவாரோ? அன்று முழுக்க எனக்கு அதே யோசனை.

மறுநாள் கையெழுத்துக்கூடப் போடாமல், முதல் வேலையாக வாசலில் போய் நின்றேன். 7.10க்கு மோட்டார் வந்தது. யாழினி இறங்கி வகுப்புக்கு ஓடினாள்.

"மாடு?"

"தப்பிச்சிருச்சு டீச்சர்."

"பாரம்?"

சேகர் ஹெல்மெட்டைத் துடைத்தார். "மழையில நனைஞ்சி போச்சுலா."

முந்தின நாள் ஒரு சொட்டு மழை இல்லை. கையெழுத்துப் போட உள்ளே போனேன்.